ராமேசுவரம் மீனவர் கைதை மக்களவையில் எழுப்புவது எப்படி?

ராமேசுவரம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றதாகச் செய்தி வந்ததும், தொகுதி உறுப்பினர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த அமைச்சரிடம் எதைக் கேட்பது என்பதைத்தான். மீனவர்களின் விடுதலை, பறிமுதலான படகுகள், கச்சத்தீவு தொடர்பான 1974, 1976 ஒப்பந்தங்கள் ஆகியவை வெளியுறவு அமைச்சகத்தின் பொறுப்பு. கடலடியை வாரிச் செல்லும் இழுவலைப் படகுகளுக்கு மாற்றாக 2017இல் தொடங்கப்பட்ட ஆழ்கடல் மீன்பிடித் திட்டமோ மீன்வள அமைச்சகத்தின் பொறுப்பு. இரண்டையும் ஒரே கேள்வியில் திணித்தால் எதற்கும் முழுப் பதில் கிடைக்காது. ஆகவே தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்து, அந்தந்த அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்ட நாளுக்கு அனுப்ப வேண்டும்.

கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தேவை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதிலளிப்பார். குறியிடாத கேள்விக்கு எழுத்து வடிவிலேயே பதில் வரும். ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளே பட்டியலில் இடம்பெறும், அதுவும் குலுக்கல் முறையில். எனவே புள்ளிவிவரங்களைக் குறியிடாத கேள்வியில் முன்பே பெற்றுக்கொண்டு, நட்சத்திர வாய்ப்பைக் கொள்கையைக் கேட்பதற்காக வைத்துக்கொள்வதே சிக்கனம்.

கேள்வியை எழுதும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். "அட்டூழியம் புரியும் அண்டை நாட்டுக் கடற்படையை அரசு ஏன் தட்டிக் கேட்கவில்லை?" என்று எழுதினால் அந்தக் கேள்வி அனுமதிக்கப்படாமல் போகவே வாய்ப்பு அதிகம், நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகக் குறிப்பிடும் கேள்விக்கு மக்களவை நடைமுறை விதிகளில் விதி 41 இடம் தருவதில்லை. அதையே, "கடந்த 3 ஆண்டுகளில் கைதான தமிழக மீனவர்கள் எத்தனை பேர், விடுவிக்கப்பட்டோர் எத்தனை பேர், பறிமுதலான படகுகளில் திரும்பக் கிடைத்தவை எத்தனை, எஞ்சியவற்றை மீட்க எடுத்த நடவடிக்கைகள் யாவை?" என்று எழுதினால் தள்ளுவதற்குக் காரணம் இராது, கோபத்தை அந்த எண்களே சொல்லிவிடும். கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நட்சத்திரக் கேள்வியின் உண்மையான பயன், அமைச்சரின் பதிலைத் தொடர்ந்து அவையில் எழுந்து கேட்கும் துணைக் கேள்வியில்தான் இருக்கிறது. அச்சிட்ட பதில் முன்னமே கைக்கு வந்துவிடும் என்பதால், அதில் விடுபட்ட ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும். மனிதர்களைப் பற்றி விரிவாகச் சொல்லும் பதில் படகுகளைப் பற்றி ஒரே வரியில் நழுவியிருந்தால், அந்த ஒரு வரியைத்தான் கேட்க வேண்டும். இலங்கை 2017இல் இழுவலை முறையைச் சட்டத்தால் தடை செய்திருப்பதும், அந்த முறையால் பாதிக்கப்படுவதாக முறையிடுவோர் வட இலங்கைத் தமிழ் மீனவர்களே என்பதும் உறுப்பினருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் எழுந்தால் அமைச்சரின் ஒரே வாக்கியம் அவரை உட்கார வைத்துவிடும். தமிழில் பேச விரும்பினால் உரைபெயர்ப்பு வசதி உண்டு, ஆனால் எண்களை நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள்.

கைது நேற்று நடந்தது என்றால் 15 நாள் காத்திருக்க முடியாது. அப்போது, கேள்வி நேரத்துக்குப் பின் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரம் இருக்கிறது. விதிப்புத்தகத்தில் பெயரே இல்லாத இந்த நேரத்தில் சொன்னதற்கு அமைச்சர் உடனே பதில் தர வேண்டிய கட்டாயம் இல்லை. அதே பிரச்சினையை விதி 377இன் கீழ் எழுத்தில் கொடுத்து எழுப்பினால், அமைச்சகத்திலிருந்து உறுப்பினருக்கு எழுத்தில் பதில் வரும். அவையின் மற்ற அலுவல்களை நிறுத்திவைத்து அவசரப் பிரச்சினையை விவாதிக்கக் கோரும் ஒத்திவைப்புத் தீர்மானத்துக்கு அனுமதி கிடைப்பது அரிது. அதைக் கேட்பதே பெரும்பாலும் மறுநாள் செய்தித்தாளுக்காக.

பதில் வந்த பிறகும் வேலை முடிவதில்லை. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்று அமைச்சர் சொன்னால் பலர் சலித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது உறுதிமொழியாகப் பதிவாகும் சொற்றொடர். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றப்பட வேண்டும், அரசு உறுதிமொழிகள் குழு அதைக் கண்காணிக்கும். ஆகவே பதில் வந்த தேதியைக் குறித்துவைத்து, மூன்றாம் மாத முடிவில் அந்தக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.