நலச்சங்கப் பதிவு முதல் பகுதி சபா தீர்மானம் வரை: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் தெருக்கள் பேரூராட்சியாக இருந்து மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு, எந்த வேலைக்கு யாரைப் போய்ப் பார்ப்பது என்றே தெரியாமல் கொஞ்ச காலம் அலைந்தோம். அப்புறம் சங்கத்தைப் பதிவு செய்து, பகுதி சபாவில் (வார்டின் ஒரு பகுதி வாக்காளர்கள் கூடும் கூட்டம்) தீர்மானம் போட்டு, இப்போது மழைநீர் வடிகாலுக்கு எஸ்டிமேட் வரைக்கும் வந்திருக்கிறது. எப்படிச் செய்தீர்கள் என்று பக்கத்து நகர்களில் இருந்து கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். இது தமிழ்நாட்டு நகரப்பகுதிகளில் தனி வீடுகள் உள்ள தெருக்களுக்கானது. அடுக்குமாடி என்றால் 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இருக்கிறது, அது தனி வழி.

சங்கம்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு பேர் வேண்டும். சங்கம் தொடங்கிய தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும், அதனால் ஆதார் நகல், கையெழுத்து எல்லாம் தயாரான பிறகு முதல் கூட்டத்தைப் போடுங்கள். விண்ணப்பம் பதிவுத்துறையின் இணையதளம் வழியாகத்தான்.

பைலாவை, அதாவது சங்கத்தின் விதிமுறைகளை, இணையத்தில் இருந்து அப்படியே இறக்கிக் கொடுக்காதீர்கள். சங்கத்தின் முகவரி, தொடங்கிய தேதி, எந்த மாவட்டப் பதிவாளரின் எல்லை, அலுவல் நேரம், உறுப்பினர் ஆகத் தகுதி, பொதுக்குழு எப்போது கூடும், கணக்கை யார் தணிக்கை செய்வார் என்று ஒவ்வொன்றும் அதில் வர வேண்டும், ஒன்று விட்டாலும் திருப்பி அனுப்புவார்கள். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஒரே குடும்பத்தினரை நிர்வாகிகளாகப் போடாதீர்கள், பதிவாளர் விட்டாலும் தெரு விடாது. வாடகைக்கு இருப்பவர்களும் உறுப்பினராகலாம் என்று தெளிவாக எழுதுங்கள். வீட்டுக்காரர்கள் மட்டும் என்று வைக்கும் சங்கங்களை நான் ஏற்கவே மாட்டேன். தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர் பொருள்தான் முதலில் நனைகிறது.

பதிவு எண் வந்ததும் லெட்டர்பேடு, சீல், வங்கிக் கணக்கு. கூட்டத்தில் முடிவானதை எழுதி வைக்கும் மினிட் புக் விஷயத்தில் என் கருத்து ஒன்றுதான்: பக்க எண் அச்சிட்ட கெட்டி அட்டை நோட்டு. கூகுள் டாக்ஸும் வாட்ஸ்அப் குழுவும் பேசிக்கொள்ள நல்லவை. ஆனால் நாளைக்கு யாராவது ஆதாரம் கேட்டால் கையெழுத்துப் போட்ட பக்கத்தைத்தான் காட்ட முடியும்.

உங்கள் வார்டும் பகுதியும்

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோதே, மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று சொல்லிவிட்டது. நம் மாநிலத்தில் வார்டு குழு, பகுதி சபா இரண்டுக்கும் விதிகள் 2022இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபாவில் முதலமைச்சரே கலந்துகொண்டார். ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோரும் சபாவின் உறுப்பினர்கள்தான், யாரும் அழைக்கத் தேவையில்லை. கூட்டத்தை நடத்துபவர் கவுன்சிலர்.

உங்கள் தெரு எந்தப் பகுதியில் வருகிறது, வார்டு குழுவில் அந்தப் பகுதியின் சார்பில் இருக்கும் பகுதிப் பிரதிநிதி யார் என்பதை வார்டு அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நகரின் தெருக்கள் இரண்டு பகுதிகளில் விழுந்திருக்கலாம், எங்களுக்கு அப்படித்தான். அப்படி இருந்தால் இரண்டு சபாவிலும் ஆள் உட்கார வேண்டும்.

கூட்ட நாள்

ஆண்டுக்கு நான்கு: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. கிராம சபை தேதிகள் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். நான்கில் ஜனவரி 25ஐ மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். அதையடுத்து பிப்ரவரி, மார்ச்சில் மாநகராட்சி பட்ஜெட் வரும். வடிகால், சாலை மாதிரி பணம் வேண்டிய கோரிக்கையை செப்டம்பரில் கொண்டுபோனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒன்றும் நடக்காது. செப்டம்பரில் தூர்வாரச் சொல்லிக் கேளுங்கள், ஜனவரியில் புது வடிகால் கேளுங்கள்.

எங்களை அதிக நாள் நிறுத்தி வைத்தது இந்தக் கட்டம்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாக. எங்கள் முதல் கூட்டத்துக்கு ஆள் நன்றாக வந்தது, எல்லோரும் பேசினார்கள், கவுன்சிலர் பொறுமையாகக் கேட்டார், உதவிப் பொறியாளர் பார்க்கிறேன் என்றார். பிறகு நகல் வாங்கிப் பார்த்தால் நடவடிக்கைக் குறிப்பில் “பொதுமக்கள் அடிப்படை வசதிகள் கோரினர்” என்று ஒரே வரி. அந்த ஒரு வரியை வைத்து யாரும் எஸ்டிமேட் போட முடியாது. பேசியது எத்தனை சத்தமாக இருந்தாலும், எழுதப்படாவிட்டால் அலுவலகத்தைப் பொறுத்தவரை அது கேட்கப்படவே இல்லை.

ஆகவே தீர்மான வாசகத்தை நீங்களே எழுதி இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒரு தாளில் ஒரே வேலை. இந்த மாதிரி:

“வார்டு எண் __, பகுதி எண் __. இரண்டாவது குறுக்குத் தெருவில் மின்மாற்றி முதல் பிரதான சாலைச் சந்திப்பு வரை சுமார் 140 மீட்டர் நீளத்துக்கு மழைநீர் வடிகால் இல்லை. இங்கு வடிகால் அமைக்க மதிப்பீடு தயாரித்து மாமன்றத்துக்கு அனுப்புமாறு இந்தப் பகுதி சபா பரிந்துரைக்கிறது.”

எங்கிருந்து எங்கே, எத்தனை மீட்டர், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் இருந்தாக வேண்டும். நீளத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள், போன் மேப்பில் வரும் அளவு குறுகிய தெருக்களில் சரியாக வருவதில்லை. கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டி, குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வருகைப் பதிவேட்டில் உங்கள் ஆட்கள் எல்லோரும் கையெழுத்திட்ட பிறகே எழுந்து வாருங்கள். கவுன்சிலரை எதிரியாக நினைத்துப் பேச வேண்டாம். அவர் மன்றத்தில் பேசும்போது கையில் ஒரு தீர்மானம் இருப்பது அவருக்கும் பலம்.

பின்தொடர்தல்

சில வாரம் பொறுத்து தகவல் உரிமைச் சட்டம், 2005ன்படி மனு. பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரியிட்டு அனுப்பலாம். ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், முப்பது நாள் கணக்குக்கு அது வேண்டும். ஏன் செய்யவில்லை என்று கேட்காதீர்கள், கேள்விக்கு விளக்கம் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை. நகல் கேளுங்கள்: அந்தத் தேதிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, வருகைப் பதிவேடு, தீர்மானத்தின் மேல் எடுத்த நடவடிக்கைக் கோப்பின் குறிப்புப் பக்கங்கள். கோப்பே இல்லை என்று பதில் வந்தாலும் அது பயன்படும், அடுத்த சபாவில் அதைப் படியுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

சின்ன வேலைகளுக்கு நமக்கு நாமே திட்டமும் உண்டு. மக்கள் பங்காக மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்ட வேண்டும். பூங்கா, மரக்கன்று மாதிரி விஷயங்களுக்கு நல்லது. வடிகாலுக்கு இதில் பணம் திரட்டுவதை நான் எதிர்ப்பேன், அதற்குத்தான் சொத்து வரி கட்டுகிறோம்.

பின்சேர்க்கை 1: சங்க லெட்டர்பேடில் அனுப்பிய தகவல் மனு திரும்பி வந்துவிட்டதாக இருவர் எழுதியிருந்தார்கள். அந்த உரிமை குடிமக்களுக்கு உரியது, சங்கத்துக்கு இல்லை. உங்கள் சொந்தப் பெயர், வீட்டு முகவரியில் சாதாரண வெள்ளைத்தாளில் அனுப்புங்கள்.

பின்சேர்க்கை 2: தேர்தல் நடத்திப் புது நிர்வாகிகள் வந்தும் வங்கி ஏற்கவில்லை என்று ஒரு செயலாளர் கேட்டார். நிர்வாகிகள் மாறியதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம் 7 தாக்கல் செய்யாமல் இருந்திருக்கிறார்கள். அதைக் கொடுக்கும் வரை பதிவாளர் ஏட்டில் பழைய தலைவர்தான் தலைவர். அதோடு நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கை செய்த கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் ஆண்டுதோறும் கொடுத்தே ஆக வேண்டும். பல ஆண்டு விட்டுப்போன சங்கங்கள் முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

பின்சேர்க்கை 3: வாடகைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, சபாவில் உட்காரலாமா என்று கேட்கிறார்கள். ஓட்டு இன்னும் பழைய முகவரியில் இருந்தால் படிவம் 8 கொடுத்து இங்கே மாற்றிக்கொள்ளுங்கள், ஆன்லைனிலேயே முடியும். டிசம்பர் 10க்கு முன் கொடுத்துவிட்டால் ஜனவரிக் கூட்டத்துக்குப் பெயர் வந்துவிட வாய்ப்பு உண்டு.