'இட்' எங்கே வரும்? ஃப்ரேசல் வெர்ப் படிக்கும்போது கவனிக்க

'விட்டுக்கொடு' என்பதை விடு, கொடு என்று பிரித்தால் பொருள் கிடைக்காது. ஆங்கில ஃப்ரேசல் வெர்பும் (வினைச்சொல்லோடு 'ஆஃப்', 'அப்' போன்ற சிறு சொல் சேர்ந்து வருவது) பல நேரம் அப்படித்தான். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது, 'கால் ஆஃப்' என்றால் அடியோடு ரத்து செய்வது. மீட்டிங் விஷயத்தில் இதை மாற்றிச் சொன்னால் ஆள் வரவே மாட்டார்.

பொருளை விட அதிகம் சறுக்குவது சொல் வரிசையில்தான். 'டர்ன் ஆஃப் த ஃபேன்', 'டர்ன் த ஃபேன் ஆஃப்' இரண்டும் சரி. ஃபேனுக்குப் பதில் 'இட்' வந்தால் நடுவில்தான் நிற்கும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' தவறு. 'பிக் அப் மீ' இல்லை, 'பிக் மீ அப்'. ஆனால் 'லுக் ஆஃப்டர்' (கவனித்துக்கொள்) பிரியாது. 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்றே சொல்ல வேண்டும்.

அதனால் நோட்டில் 'டர்ன் ஆஃப் = அணை' என்று மட்டும் எழுதாதீர்கள். 'டர்ன் இட் ஆஃப்' என்று 'இட்' சேர்த்தே எழுதி, வாய்விட்டுச் சொல்லுங்கள். பிரியுமா பிரியாதா என்பது அதிலேயே பதிந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று போதும், அன்றே வீட்டில் பயன்படுத்தக்கூடியவையாக.

இன்னொன்று, நம்மூரில் பரவலாகக் கேட்கும் 'கோப் அப் வித்' தவறு. 'கோப் வித்' (சமாளி) மட்டுமே; 'அப்' வேண்டாம்.