இறுகிய போல்ட், தேய்ந்த தலை: சைக்கிளைக் கெடுக்காமல் கழற்றுவது எப்படி

கர்னி டிரைவ், பத்து ஃபெரிங்கி, தெலுக் கும்பார் என்று பினாங்கில் கடலோரமாகவே ஓடும் சைக்கிளில் பெரும்பாலும் முதலில் மாட்டிக்கொள்வது தண்ணீர் பாட்டில் கூண்டின் இரண்டு போல்ட்கள்தான். உப்புக்காற்று ஒரு பக்கம். பாட்டிலிலிருந்து ஒழுகும் 100 பிளஸும் நெற்றியிலிருந்து சொட்டும் வியர்வையும் இன்னொரு பக்கம். எஃகு போல்ட்டும் அலுமினிய ஃபிரேமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால், பேட்டரிக்குள் நடப்பது போன்ற வினை நடந்து அலுமினியம் அரிக்கும். அதில் உண்டாகும் வெள்ளைப் பொடி மரை இடுக்கை அடைத்துவிடும். போல்ட் துருவே இல்லாமல் பளபளத்தாலும் அசையாததற்கு அந்தப் பொடிதான் காரணம்.

தலை தேய்வது வேறு கதை. அது பெரும்பாலும் கழற்றுகிறவர் கையால் வருவது. எலன் கீ வைக்கும் அறுகோணக் குழிக்குள் மண்ணும் காய்ந்த கிரீசும் கெட்டியாகி உட்கார்ந்திருக்கும். கீ அடிவரை இறங்காமல் ஒரு மில்லிமீட்டர் மட்டும் பிடித்திருக்கும்போது பலமாகத் திருகினால் மூலைகள் மழுங்காமல் என்ன செய்யும்? ஊசியால் குழியைச் சுரண்டி, ஊதி, டார்ச் அடித்து அடி தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு கீயைச் செருகி, சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி இறக்குங்கள். உருண்டை முனை கொண்ட கீ வேண்டாம். இறுகிய போல்ட்டுக்கு நேர்முனைதான். முனை தேய்ந்த பழைய கீயையும் தூக்கிப் போடுங்கள்.

அடுத்து எண்ணெய். சாதாரண டபிள்யூ.டி-40 ஈரத்தை விரட்டுவதற்கானது. இறுகிய மரைக்கு ஊடுருவும் எண்ணெய் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். போல்ட் தலையைச் சுற்றி இரண்டு சொட்டு விட்டு, சுத்தியலால் தலையில் மெல்லப் பத்துப் பதினைந்து முறை தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் பொடி விரிசல் விட்டு எண்ணெய்க்கு வழி கிடைக்கும். மாலையில் ஒரு முறை, படுக்கப் போகும் முன் ஒரு முறை விட்டுவிட்டு, காலையில் கை வையுங்கள். பாதிப் போல்ட்களை இந்தப் பொறுமையே கழற்றிவிடும். டிஸ்க் பிரேக் பக்கம் மட்டும் எண்ணெய் அடிக்கவே கூடாது. ரோட்டரில், அதாவது பிரேக் பிடிக்கும் வட்டத் தகட்டில், பட்டு பிரேக் பேட் ஊறினால் அதை மாற்ற வேண்டியதுதான். ரோட்டரின் டி25 (நட்சத்திரக் குழி) போல்ட்கள் பெரும்பாலும் மரைப்பசை, அதாவது போல்ட் தானாகக் கழலாமல் பிடிக்கும் பசை, போட்டு வருகின்றன. சால்டரிங் இரும்பின் முனையைத் தலையில் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் பசை இளகும். சூடாக இருக்கும்போதே திருக வேண்டும்.

திருகும்போது கையில் தெரியும் உணர்வைக் கவனியுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தால் நல்லது. சத்தமே இல்லாமல் ரப்பர்போல் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து வந்தால் போல்ட்டே முறுக்கிக்கொள்கிறது, அடுத்த கால் சுற்றில் உடையும். உடனே நிறுத்துங்கள். கொஞ்சம் இறுக்கும் பக்கம் திருப்பி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றும் பக்கம். இப்படி முன்னும் பின்னுமாகப் போனால் கிறீச்சென்று வெள்ளைப் பொடி வெளியே வரும்.

அதற்கும் மசியாவிட்டால் ஹீட் கன். அலுமினியம் சாதாரண எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். எனவே போல்ட்டைவிட அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குவதே பயன் தரும். முதலில் எண்ணெயைத் துடைத்தெடுங்கள், தீப்பிடிக்கும். பெயிண்டும் கெடலாம். கார்பன் ஃபிரேம் என்றால் சூடு காட்டாதீர்கள், ரெசின் இளகிவிடும்.

தலை ஏற்கனவே மழுங்கிவிட்டதா? 4 மி.மீ. குழிக்கு டி25, 5 மி.மீ. குழிக்கு டி30, 6 மி.மீ. குழிக்கு டி40 டார்க்ஸ் பிட்டைச் சுத்தியலால் அடித்து இறக்கித் திருகுங்கள். நட்சத்திர முனைகள் மழுங்கிய சுவரை வெட்டிக்கொண்டு உட்காரும். பிட் வளைந்தாலும் நட்டமில்லை. லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் கிளறினால் இதற்கென்றே ஒன்றிரண்டு பழைய பிட் தேறும்.

பாட்டில் கூண்டு போல்ட்டுக்கு இன்னும் எளிய வழி உண்டு, பலர் மறந்துவிடுகிறார்கள். தலை வெளியே துருத்திக்கொண்டுதானே இருக்கிறது? அரத்தால் இரு பக்கமும் தட்டையாக ராவி, வைஸ் கிரிப்பால் (கவ்வியபடி பூட்டிக்கொள்ளும் இடுக்கி) கவ்வித் திருகலாம். போல்ட்டோடு ஃபிரேமில் பதித்த ரிவ்நட்டும் (மரையுள்ள குழல்) சேர்ந்து சுற்றினால், கூண்டுக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரை நெம்பி வெளியே இழுத்த நிலையில் திருகிப் பாருங்கள்.

எதுவும் ஆகவில்லையென்றால் டிரில். முதலில் 3 மி.மீ. பிட், பிறகு 5 மி.மீ. துளை நடுவில் நேராக இறங்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் என்றால் மெதுவான வேகம், நல்ல அழுத்தம், ஒரு சொட்டு எண்ணெய். வேகமாக உரசினால் உலோகம் இன்னும் கெட்டிப்படும். தலை மட்டும் கழன்று விழுந்ததும் நிறுத்துங்கள். இழுவிசை போய்விடுவதால், கூண்டை எடுத்தபின் நீட்டியிருக்கும் துண்டு வைஸ் கிரிப்பில் பல சமயம் லேசாகச் சுற்றி வந்துவிடும். எம்5 (5 மி.மீ. விட்டம்) போன்ற சின்னப் போல்ட்டில் எக்ஸ்ட்ராக்டரை, அதாவது துளைக்குள் எதிர்ச்சுற்றில் இறக்கிப் போல்ட்டைக் கழற்றும் கருவியை, நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கெட்டிப்படுத்திய அந்த எஃகு உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் அதில் ஏறாது.

பெடல் மாட்டிக்கொண்டால் பலத்துக்கு முன் திசையைப் பாருங்கள். இடது பெடலின் மரை எதிர்ச்சுற்று. ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி நிற்க, பின்சக்கரப் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். சங்கிலியைப் பெரிய பல்சக்கரத்தில் போட்டுவிட்டுத் தள்ளுங்கள். கை வழுக்கினாலும் பல் கிழிக்காது.

திரும்ப மாட்டும்முன் மரைக்குள் எம்5 × 0.8 டேப்பை (மரை வெட்டும் கருவி) ஒரு முறை ஓட்டிப் பொடியை எடுங்கள். கடலோரத்துக்கு ஏ2 ரகத்தைவிட, உப்பை அதிகம் தாங்கும் ஏ4 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட் நல்லது. மரையில் ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) பூசி, கூண்டு போல்ட்டை 2 முதல் 3 நியூட்டன் மீட்டரோடு நிறுத்துங்கள். ரோட்டர் போல்ட்டுக்கு மட்டும் ஆன்டி-சீஸ் கிடையாது, மரைப்பசைதான்.