பெட்டிக்குள் இருக்கும் போர் வரலாறு

சேலம் மாவட்டப் பள்ளிகளில் 1971 இந்திய-பாகிஸ்தான் போரைப் பற்றி வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள், பாடநூலைத் திறப்பதற்கு முன் ஊரிலுள்ள முன்னாள் படைவீரர் ஒருவரை நேரில் சந்திப்பது நல்லது. அறிமுகம் இல்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

அவர் மனமுவந்து தந்தால், ஒரே ஒரு பதக்கத்தை மட்டும் மாணவர்கள் கையில் கொடுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பின்புறத்திலோ விளிம்பிலோ பொறித்த எண்ணும் பெயரும் தெரியும். அது பூர்வி ஸ்டார் என்றால் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு முனை என்பதை அவர்களே வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

அடுத்து ஒரு பழைய கடிதம். உறையில் அனுப்பியவரின் ஊர்ப்பெயர் இருக்காது, '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' (ராணுவ அஞ்சலகம்) என்பது போலத்தான் இருக்கும். படை இருக்குமிடம் வெளியே தெரியாமலிருக்கவே அந்த ஏற்பாடு என்பதைச் சொல்லிவிட்டு, ஏற்காட்டு மலைக்கிராமத்தில் அதைப் பிரித்த தாய்க்கு மகனைப் பற்றி என்னென்ன தெரிந்திருக்கும், எது தெரிந்திருக்காது என்று எழுதச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தவரை இதைவிட ஆழமான பயிற்சி வேறில்லை.

நேர்காணலில் "எத்தனை பேரைச் சுட்டீங்க ஐயா?" என்ற கேள்வியைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும், முகாமில் என்ன சாப்பிட்டார், வீட்டுக் கடிதம் எத்தனை நாளில் வந்தது என்று கேட்கலாம். அவர் சொல்லும் தேதியும் டிஸ்சார்ஜ் புத்தகத்திலுள்ள (படையிலிருந்து விடுபடும்போது தரப்படும் பணிப் பதிவேடு) தேதியும் முரண்பட்டால், அவரைத் திருத்தாமல் இரண்டையும் குறித்துக்கொண்டு, காரணத்தை வகுப்பில் விவாதியுங்கள். மூல ஆவணங்களைப் படமெடுத்துக்கொண்டு அன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.