மசில் காரின் அரிய ஆர்டருக்குச் சான்று திரட்டும் முறை

தென்னாப்பிரிக்காவுக்கு வந்து சேர்ந்த அமெரிக்க மசில் கார்கள், அதாவது பெரிய, சக்திவாய்ந்த எஞ்சின் கொண்ட கார்கள் பலவற்றில் ஸ்டீயரிங் வலப்பக்கத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. எந்த ஆர்டரின்படி கார் கட்டப்பட்டது என்பதற்கான சான்றுகள் அதிகம் அழிவதும் அந்த வேலையின்போதுதான். வண்டி எண்ணைத் தாங்கிய டேஷ்போர்டு கழற்றப்படுகிறது, பிரேக் பூஸ்டர் இடம் மாறுவதற்காக எஞ்சினையும் பயணிகளையும் பிரிக்கும் ஃபயர்வால் என்னும் தடுப்பு வெட்டப்படுகிறது, அதில் ஆணியடித்திருந்த உற்பத்தித் தகடு பெயின்டருடைய பெட்டிக்குப் போய்விடுகிறது. ஆகவே டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ இத்தகைய காரை வாங்குபவர், புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஆவணப்படுத்தும் வேலையை முடித்துவிட வேண்டும்.

எதை நிரூபிக்கப் போகிறோம் என்பது முதலில் தெளிவாக இருக்கட்டும். விலைப்பட்டியலில் அச்சான வசதியைக் கேட்டு வாங்குவது ஒன்று. பட்டியலிலேயே இல்லாததைத் தொழிற்சாலையிடம் தனியாகச் செய்யச் சொல்வது வேறு. செவ்ரோலேயில் டாக்ஸி, காவல்துறை வண்டி போன்ற மொத்த ஆர்டர்களுக்காக இருந்த கோப்போ (மத்திய அலுவலக உற்பத்தி ஆர்டர்) என்னும் வழியைச் சில விற்பனையாளர்கள் பந்தயக் கார்களுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். செவ்ரோலேயின் 1969 கமேரோ மாடலில் 9561 என்ற ஆர்டர் எண் 427 கன அங்குல இரும்பு எஞ்சினையும், 9560 என்பது அலுமினிய இசட்எல்1 எஞ்சினையும் குறித்தன. பின்னதில் 69 கார்களே செய்யப்பட்டன. இந்த ஆர்டர் எண்கள் வண்டி எண்ணிலும் இல்லை, ஃபயர்வால் தகட்டிலும் இல்லை. மோசடிக்கு இடம் கொடுப்பது இந்த இடைவெளிதான்.

எனவே கமேரோவில் பல சிறு சான்றுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. எஞ்சினின் முன்பக்கத்தில், வலது ஹெட்டுக்கு (சிலிண்டர்களின் மேல்மூடிக்கு) கீழே உள்ள சமதளத்தில் ஆலையின் எழுத்து, பொருத்திய மாதமும் நாளும், வகைக் குறியீடு ஆகியவை பதிக்கப்பட்டிருக்கும். டி0116எம்என் என்று இருந்தால், டோனவாண்டா ஆலையில் ஜனவரி 16 அன்று பொருத்தப்பட்ட, கையால் கியர் மாற்றும் 427 என்று பொருள். பிளாக் என்னும் எஞ்சினின் முதன்மை உடல் வார்க்கப்பட்ட தேதி இதற்கு முந்தியதாகவும், கார் கட்டப்பட்ட தேதி இதற்குப் பிந்தியதாகவும் இருக்க வேண்டும். வரிசை மாறினால் அந்த எஞ்சின் இந்தக் காரோடு பிறந்ததல்ல. சமதளத்தில் தொழிற்சாலை இயந்திரம் விட்டுச்சென்ற இணைகோடுகள் மெல்லியதாகத் தெரிய வேண்டும். விளக்கைச் சாய்வாகப் பிடித்து, பல கோணங்களில் படம் எடுங்கள். அழுக்கைக் கரைப்பானால் துடைக்கலாம். எமரித் தாளை அருகிலேயே கொண்டுவரக் கூடாது.

இதில் இந்நாட்டுச் சட்டமும் குறுக்கிடுகிறது. வண்டிப் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண் எழுதப்பட்டிருக்கிறது. எஞ்சினை மாற்றினால் காவல்துறையின் ஒப்புதல் வேண்டும். எண்ணைச் சுரண்டுவது குற்றம். நமக்கு இதில் ஓர் ஆதாயமும் உண்டு: பழைய பதிவுச் சான்றிதழ் கிடைத்தால், இன்று பானெட்டுக்குள் இருக்கும் எஞ்சின் அன்றும் இருந்ததா என்பதை அதுவே சொல்லிவிடும். தகடு தொலைந்த 1969 கமேரோவாக இருந்தால், ஃபயர்வாலில் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் மறைவாகப் பதித்த எண்ணைத் தேடுங்கள்.

ஃபோர்டு வைத்திருப்பவர்களின் பாடு எவ்வளவோ எளிது. 1967 முதல் ஆன ஃபோர்டு உற்பத்திப் பதிவுகள் அமெரிக்காவில் மார்ட்டி நிறுவனத்திடம் உள்ளன. வண்டி எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால், கார் எந்தெந்த வசதிகளோடு புறப்பட்டது என்ற அறிக்கை வந்துவிடும். கதவிலுள்ள தகட்டில் டிஎஸ்ஓ (மாவட்டத் தனி ஆர்டர்) என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் அது விற்பனை மாவட்டத்தின் எண். அதன் பின்னால் மேலும் எண்கள் தொடர்ந்தால் தனி ஆர்டர். 90 முதல் 99 வரையிலான எண்கள் ஏற்றுமதியைக் குறிப்பவை. இங்குள்ள கார்களில் நான் முதலில் தேடுவது அவற்றைத்தான்.

பான்டியாக்குக்கும் பிஎச்எஸ் என்ற ஆவணச் சேவை இருக்கிறது. கிரைஸ்லர் குடும்பத்துக் கார்களில் இடது ஃபெண்டரின் உட்தகட்டில் உள்ள சிறு தகட்டைப் படிக்க வேண்டும். பெயின்ட் குறியீட்டின் இடத்தில் 999 இருந்தால் அது தனியாகக் கேட்ட நிறம். ஆலைத் தொழிலாளர்களுக்கான காகிதத் தாள் பின்னிருக்கையின் ஸ்பிரிங்குகளுக்கு இடையே சிக்கியிருக்கக்கூடும். டர்பனின் ஈரக்காற்றில் அது பொடிந்துபோயிருக்கும் என்பதால், இழுக்காமல், இருந்த இடத்திலேயே படம் எடுத்த பிறகு தட்டையான அட்டையில் ஏந்தி வெளியே எடுங்கள்.

உள்ளூர்த் தயாரிப்புகளுக்கு அமெரிக்கப் பதிவு எதுவும் உதவாது. 1973இல் போர்ட் எலிசபெத் ஆலையில் 100 மட்டும் கட்டப்பட்ட செவ்ரோலே கேன்-ஆம், கமேரோ இசட்28இன் 302 எஞ்சினைச் சுமந்தது. ஆனால் அதன் வரலாற்றைத் தென்னாப்பிரிக்கத் தகடுகளிலும் பில்களிலும்தான் தேட வேண்டும்.

காகிதம் இல்லாத இடத்தில் குடும்ப ஆல்பங்கள் கைகொடுக்கும். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நடந்த திருமணத்தில் மாலை சூட்டிய காரின் படத்தில் மணமக்களைத் தாண்டிப் பாருங்கள்: வீல், பானெட்டின் பட்டை, டர்பனின் பழைய பதிவெழுத்தான என்டி என்று தொடங்கும் நம்பர் பிளேட் எல்லாம் தெரியும். படம் எடுத்த ஆண்டைத் திருமணப் பத்திரிகையே உறுதிசெய்துவிடும். முந்தைய உரிமையாளரான பெரியவர் சொல்வதையும் மரியாதையுடன் கேட்டு, அவர் சொற்களிலேயே தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ‘தாத்தா தனியாகச் சொல்லிச் செய்யவைத்த கார்’ என்பது தேடலைத் தொடங்கப் போதுமே தவிர, விலையை ஏற்றப் போதாது.

கோப்பில் உலோகத்தில் கண்டது, காகிதத்தில் கண்டது, வாய்மொழியாகக் கேட்டது ஆகிய மூன்றும் தனித்தனிப் பகுதிகளாக இருக்கட்டும். பிற்காலத்தில் வாங்கிய நகல் தகட்டை நகல் என்றே எழுதுங்கள். வாங்க வருபவருக்கு முதலில் நகல்களையே காட்டுங்கள். எஞ்சின் எண்ணின் முழுப் படத்தை இணையத்தில் போடாதீர்கள், ஏனெனில் போலிக் கார் செய்பவருக்கு அந்தப் படமே போதும். மூலப் பத்திரங்கள், பணம் கைமாறும் நாளில் காரோடு போகட்டும்.