பழைய ஃபிலிம் எஸ்எல்ஆர்: எதைச் சேர்ப்பது, எப்படிச் சோதிப்பது, எப்படிக் காப்பாற்றுவது

எஸ்எல்ஆர் என்பது லென்ஸ் வழியாக வரும் காட்சியையே உள்ளிருக்கும் ஒரு கண்ணாடியால், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குத் திருப்பிக் காட்டும் கேமரா. பழைய எஸ்எல்ஆர் கேமராவின் விலையை அதன் பெயர் தீர்மானிக்கிறது. அது ஒழுங்காகப் படம் எடுக்குமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு: காய்ந்துபோன எண்ணெய், ஒளி கசியாமல் ஒட்டியிருந்து மக்கிப்போன ஃபோம், லென்ஸில் படர்ந்த பூஞ்சை. பளபளக்கும் பாடிக்குள் இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கலாம். பெயின்ட் தேய்ந்து ஓரங்களில் பித்தளை தெரியும் கேமரா, விடாமல் ஓடிக்கொண்டே இருந்ததால் உள்ளே நல்ல நிலையில் இருப்பதும் உண்டு. அதனால் மேல்தோற்றத்துக்குக் காசு கொடுப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் ஐந்து பாடி, ஐந்து மவுண்ட், ஒன்றோடொன்று சேராத லென்ஸ்கள் என்று பீரோ நிறையும். ஒரு மவுண்ட்டை, அதாவது லென்ஸ் பாடியில் பொருந்தும் ஒரே வகை இணைப்பை, பிடித்துக்கொள்வது நல்லது. எம்42 திருகு மவுண்ட்டில் பென்டாக்ஸ், கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகா, சோவியத் ஜெனிட், யாஷிகா, ஃபூஜிக்கா எல்லாம் உண்டு. ஒருவரின் லென்ஸ் இன்னொருவரின் பாடியில் ஏறும். நிக்கான் எஃப் மவுண்ட்டில் ஒரு எச்சரிக்கை: 1977-க்கு முந்தைய, மாற்றியமைக்கப்படாத லென்ஸை எஃப்எம்2-வில் திருகினால் மவுண்ட்டைச் சுற்றியுள்ள சின்ன நெம்பு உடையக்கூடும். முதல் எஃப்எம், எஃப்ஈ இரண்டிலும் அந்த நெம்பை மடக்கிவிட முடியும் என்பதால் அவற்றில் தாராளமாகப் போடலாம்.

தொழில்நுட்பத்தின் வளர்ச்சியைப் பின்பற்றிச் சேர்ப்பது இன்னொரு வழி. எங்களுக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். 1936-ல் டிரெஸ்டனில் வந்த கினே எக்ஸாக்டாவில் மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். பிம்பம் இடவலம் மாறித் தெரியும். ஃபிலிமை முறுக்கும் லீவரும் ஷட்டர் பட்டனும் இடது கைக்கு. 1949-ன் கான்டாக்ஸ் எஸ் பென்டாப்ரிசம் என்ற ஐமுகக் கண்ணாடிக் கட்டியை மேலே வைத்து அந்தப் பிம்பத்தை நேராக்கியது. ஆனாலும் படம் எடுத்தவுடன் வியூஃபைண்டர் இருண்டுவிடும். அடுத்த ஃபிரேமுக்கு முறுக்கினால்தான் கண்ணாடி கீழே இறங்கும். 1954-ல் அசாஹிஃப்ளெக்ஸ் 2பி தானாகத் திரும்பும் கண்ணாடியைக் கொண்டுவந்தது. 1959-ல் நிக்கான் எஃப், 1964-ல் லென்ஸ் வழியாக வரும் ஒளியை அளக்கும் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக், 1976-ல் மைக்ரோபிராசசர் வைத்த கேனான் ஏஈ-1. இவற்றில் இரண்டை அடுத்தடுத்துக் கையில் எடுத்து முறுக்கிப் பார்த்தாலே, எந்தத் தொல்லையை யார் எப்படித் தீர்த்தார்கள் என்பது விரலுக்குத் தெரிந்துவிடும்.

முதல் கேமரா வாங்குபவர் எல்லோரும் பென்டாக்ஸ் கே1000-ஐயே தேடுவதால் அதன் விலை ஏறிக் கிடக்கிறது. நல்ல கேமராதான். ஆனால் அது கேஎம் மாடலில் இருந்து செல்ஃப் டைமரையும், அபர்ச்சரை (லென்ஸில் ஒளி புகும் துளையை) மூடி முன்கூட்டியே பார்க்கும் வசதியையும் எடுத்துவிட்டுச் செய்தது. கேஎம் அதே விலைக்கோ குறைவாகவோ கிடைத்தால் யோசிக்காமல் அதை வாங்குங்கள்.

வாங்கும் இடத்தில் பத்து நிமிடம்

கையில் ஒரு சின்ன டார்ச், இரண்டு எல்ஆர்44 பேட்டரி, ஸ்லோமோஷன் எடுக்கும் போன் இருந்தால் போதும். ரீவைண்ட் நாபை மெல்லத் திருப்பி, அது இறுகி நிற்கிறதா, அதாவது உள்ளே ரோல் இருக்கிறதா என்று பார்த்தபின் பின்மூடியைத் திறங்கள். லென்ஸைக் கழற்றுங்கள். ஷட்டரை 1 நொடியில் வைத்து அமுக்குங்கள். ஸ்பிரிங் வண்டி ஓடுவதுபோல் சீரான ‘ர்ர்ர்’ கேட்டு முடிய வேண்டும். நடுவில் திக்கினாலோ, கண்ணாடி மேலேயே நின்றுவிட்டாலோ, மெதுவேகப் பற்சக்கரங்களில் எண்ணெய் பசையாகிவிட்டது என்று பொருள். பத்து முறை அமுக்கியபின் சரியானால் ‘சரியாகிவிட்டது’ என்று விற்பவர் சொல்வார். ஒரு வாரம் சும்மா இருந்தால் மறுபடியும் திக்கும். சர்வீஸ் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

வேகத்தை அளக்கப் போனை நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் வைத்து, வெளிச்சமான சுவரை நோக்கிய கேமராவின் பின்பக்கத்தைப் படம் பிடியுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் ஃபிரேம்களை எண்ணினால் 1 நொடிக்குச் சுமார் 240, 1/30-க்கு 8, 1/60-க்கு 4 வர வேண்டும். அதற்கு மேற்பட்ட வேகங்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. 1/1000-க்கு வேறு சோதனை: பளிச்சென்ற வானத்தை நோக்கிப் பிடித்து, பின்பக்கம் வழியாகப் பார்த்துக்கொண்டே அமுக்குங்கள். ஃபிரேம் முழுவதும் ஒரே அளவு வெளிச்சம் மின்ன வேண்டும். ஷட்டரில் முதல் திரை திறக்கும், பின்தொடரும் இரண்டாம் திரை மூடும். துணித் திரை ஓடி முடியும் பக்கம் இருட்டாகத் தெரிந்தால், சோம்பிப்போன முதல் திரையை இரண்டாம் திரை வழியிலேயே பிடித்துவிடுகிறது. படத்தில் அந்தப் பக்கம் கருத்து வரும். திரையில் சுருக்கமோ ரப்பர் வெடிப்போ இருந்தால் அந்த கேமராவை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

மாடலுக்கு மாடல் தெரிந்த நோய்கள் உண்டு. ஒலிம்பஸ் ஓஎம்-1-ல் ப்ரிசத்தை ஒட்டிய ஃபோம் தார்போல் உருகி வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும். வியூஃபைண்டரில் கறை தெரியும். படத்தில் அது விழாது, ஆனால் ப்ரிசத்தை மாற்றாமல் போகாது. கேனான் ஏஈ-1 அமுக்கும்போது ‘கீச்’ என்று கத்தினால் கண்ணாடியை ஓட்டும் பற்சக்கரம் காய்ந்திருக்கிறது. கடிகார எண்ணெய் ஒரு துளி, சரியான இடத்தில், தெரிந்தவர் கையால் போட வேண்டும். ஸ்பிரே எண்ணெய் அடித்தால் அது ஷட்டருக்கும் அபர்ச்சர் இதழ்களுக்கும் பரவி, பழுது இரண்டாகும். மினோல்டா எக்ஸ்-700 நல்ல பேட்டரி போட்டும் ஷட்டர் அசையாமல் நின்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். சால்டரிங் தெரிந்த மெக்கானிக் மாற்றிவிடுவார்.

லென்ஸின் அபர்ச்சரை முழுதாகத் திறந்து, ஒரு முனையில் இருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து மறுமுனையில் பாருங்கள். தூசு சில துளிகள் இருப்பதால் படம் கெடாது. சிலந்தி நூல் போன்ற வெள்ளைக் கிளைகள் பூஞ்சை. தொடக்கத்தில் துடைத்துவிடலாம், லென்ஸின் மேற்பூச்சையே அரித்துவிட்டால் தழும்பு நிற்கும். பழைய சூப்பர் டகுமார் 50 மிமீ எஃப்/1.4 மஞ்சளாக இருந்தால் பயப்பட வேண்டாம். தோரியம் கலந்த கண்ணாடி நாளடைவில் அப்படி மாறும், புறஊதா விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் தெளியும். அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் அவை மெதுவாக மூடும். மூடுவதற்குள் ஷட்டர் ஓடிவிட, ஒளி கூடிப் படம் ஓவர் எக்ஸ்போஸ் ஆகும்.

பேட்டரி

1960, 70-களின் கேமராக்கள் பலவும் 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரியை நம்பிச் செய்யப்பட்டவை. அது இப்போது விற்பனையில் இல்லை. அதே உருவத்தில் வரும் 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டால் ஒளியை அளக்கும் மீட்டர் தப்பாகக் காட்டும். போகப்போக வோல்ட் இறங்குவதால் தப்பும் மாறிக்கொண்டே இருக்கும். பிஎக்ஸ்625 கேட்கும் ஓஎம்-1, மினோல்டா எஸ்ஆர்டி போன்றவற்றுக்குக் காது கேட்கும் கருவிக்கான 675 நம்பர் ஸிங்க்-ஏர் பேட்டரி நெருக்கமான வோல்ட் தரும். காதுக் கருவிக் கடைகளில் கிடைக்கும். சுற்றளவு குறைவு என்பதால் ஒரு ரப்பர் வளையம் போட்டு நடுவில் நிறுத்துங்கள். ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப் பட்டு அதன் ஆயுள் ஓடத் தொடங்கும், இரண்டு மூன்று மாதத்தில் மாற்ற வேண்டும். ஸ்பாட்மேட்டிக்குக்கு இந்தக் கவலை இல்லை. அதன் சர்க்யூட் வோல்ட் வித்தியாசத்தைத் தாங்கும், சில்வர் ஆக்சைடு பேட்டரி போதும்.

பேட்டரி அறையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பட்ஸில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கே1000-ல் மீட்டருக்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போடாமல் வைத்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஃபோம் மாற்றுதல்

பின்மூடி ஓரத்தில் விரல் வைத்தால் கறுப்பாக ஒட்டுகிறதா? மாற்றியே ஆக வேண்டும். இது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. முதலில் ஷட்டர் திரையின் மேல் ஒரு தாளை வைத்து மூடுங்கள். உதிரும் துணுக்கு ஒன்று உள்ளே போனாலும் தொல்லை. பழைய ஃபோமை மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவிச் சுரண்டுங்கள், ஸ்குரூடிரைவர் வேண்டாம், பள்ளத்தைக் கீறிவிடும். ஆல்கஹால் தொட்ட பட்ஸால் பசையை முழுக்க எடுங்கள். கீல் பக்கத்துக்கும் ஓரப் பள்ளங்களுக்கும் 1.5 அல்லது 2 மிமீ, கண்ணாடி மேலே மோதும் இடத்துக்கு 2 முதல் 3 மிமீ ஒட்டும் ஃபோம். ஒட்டும் பக்கத்தைச் சோப்புத் தண்ணீரால் லேசாக நனைத்தால் வழுக்கும். சரியான இடத்தில் நகர்த்தி நிறுத்தலாம், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். தடிமன் கூடினால் பின்மூடி பூட்டாது. கண்ணாடி மோதும் ஃபோம் வேலை செய்யும்போது மேலே உள்ள ஃபோகஸிங் ஸ்கிரீனில் விரலோ ஆல்கஹாலோ படக் கூடாது. பட்ட தடம் போகாது.

வைக்கும் இடம்

சென்னை முதல் நாகை வரை கடற்கரை ஊர்களில், அதுவும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில், பூஞ்சைதான் முதல் எதிரி. தோல் உறையில் கேமராவை வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பூஞ்சைக்குத் தீனியாகவும் ஆகும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மிகவும் உலரவிட்டால் எண்ணெய் காயும். நிறம் மாறிய ஜெல்லைச் சூடாக்கித் திரும்ப உபயோகிக்கலாம், சமைக்கும் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம். ஷட்டரை முறுக்கிய நிலையில் வைக்காமல், மாதம் ஒருமுறை எல்லா வேகத்திலும் ஓடவிடுங்கள்.

முதல் ரோல்

காலாவதியான ரோலால் கேமராவைச் சோதிக்காதீர்கள். தப்பு யாருடையது என்றே தெரியாது. ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் செய்த ‘இந்து’ ரோல் எங்காவது கிடைத்தால் அட்டைப்பெட்டியோடு பத்திரப்படுத்துங்கள், அதுவே சேகரிக்க வேண்டிய பொருள். சோதனைக்குப் புதிய ஐஎஸ்ஓ 200 ரோல். முறுக்கும்போது ரீவைண்ட் நாப் தானும் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் ஃபிலிம் பிடிக்கவில்லை.

நல்ல வெயிலில் ஒரே சுவரை 1/250 எஃப்/16, 1/500 எஃப்/11, 1/1000 எஃப்/8 என்று எடுங்கள். மூன்றும் ஒரே அளவு ஒளி. நிழலில் மற்ற வேகங்களுக்கும் இப்படியே செய்து, ஒவ்வொரு ஃபிரேமையும் குறித்துவையுங்கள். அடுத்து, ஃபோகஸ் சரியா என்று பார்க்க, அபர்ச்சரை முழுக்கத் திறந்து, சாய்வாக வைத்த செய்தித்தாளில் ஒரு வரியை 1 மீட்டரில் ஃபோகஸ் செய்யுங்கள். தூர ஃபோகஸுக்குத் தூரத்துக் கோபுரமோ டவரோ ஒரு ஃபிரேம்.

கழுவி வந்ததும் ஸ்கேனைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஸ்கேனர் வெளிச்சத்தைத் தானே சரிசெய்துவிடும். நெகட்டிவ்வை வெள்ளைத் திரைக்கு எதிரே பிடியுங்கள். மூன்று ஃபிரேமும் ஒரே அடர்த்தியில் இருந்தால் வேகங்கள் சரி. 1/1000 மட்டும் அடர்ந்திருந்தால் அந்த வேகம் மெதுவாக ஓடுகிறது. எல்லாமே ஒரே அளவு அடர்ந்தோ வெளிறியோ இருந்து, எக்ஸ்போஷரை மீட்டரைக் கேட்டு வைத்திருந்தால், ஐஎஸ்ஓ டயலை ஒரு ஸ்டாப் (ஒளி இரட்டிப்போ பாதியோ ஆகும் ஒரு படி) தள்ளி வைத்துச் சமாளிக்கலாம். கலர் படத்தில் ஆரஞ்சு கலந்த சிவப்புக் கோடு வந்தால் ஒளி பின்மூடி வழியாகக் கசிகிறது: பின்பக்கமிருந்து வரும் ஒளி முதலில் சிவப்பை உணரும் அடுக்கில்தான் படும். கோடு எந்த ஓரத்தில் இருக்கிறதோ, அந்த ஓரத்து ஃபோமை மறுபடி ஒட்டுங்கள்.