டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் தனியே போகிறவர்களுக்கு

கனடாவின் யூக்கான் பகுதியில், டாசன் நகருக்குக் கிழக்கே சுமார் 40 கி.மீ. தள்ளி டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை பிரிகிறது. அங்கிருந்து இனுவிக் வரை 736 கி.மீ., அநேகமாக முழுக்கச் சரளைச் சாலை. அதற்கப்பால் டுக்டோயாக்டுக் வரை 2017-ல் திறந்த 138 கி.மீ. சாலையையும் சேர்த்துக்கொண்டால் ஆர்க்டிக் கடல் வரை போய்விடலாம். போய்வர ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். தனியாகப் போகிறவருக்கு அவசரம்தான் முதல் எதிரி.

ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை போகலாம். பீல், மெக்கென்ஸி ஆறுகளுக்குப் பாலம் கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் பாதை. இடைப்பட்ட வாரங்களில் இரண்டும் இருக்காது. ஆற்றில் வெள்ளம் ஏறினாலும் படகு நிற்கும், அதனால் இரண்டு நாளுக்கான சாப்பாடு கூடுதலாக இருக்கட்டும். ஆகஸ்ட் கடைசியில் கொசு குறையும், தரையெல்லாம் செடிகள் சிவந்து கிடக்கும். கேட்டால் அந்த நேரத்தைத்தான் சொல்வோம்.

டாசனில் டேங்கை நிரப்பிவிட்டால் அடுத்த நம்பகமான பெட்ரோல், சாலை பிரியும் இடத்திலிருந்து 369-வது கி.மீ.-ல் ஈகிள் ப்ளெயின்ஸில்தான், அதாவது டாசனிலிருந்து 409 கி.மீ. தள்ளி. சரளையிலும் எதிர்காற்றிலும் வண்டி வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடிக்கும். 100 கி.மீ.-க்கு 14 லிட்டர் என்று வைத்தால் 57 லிட்டர். டேங்க் 60 லிட்டர்தான் என்றால் 20 லிட்டர் கேன் ஒன்று கட்டாயம். அதன்பின் ஃபோர்ட் மெக்பெர்சன், பிறகு இனுவிக்.

இந்தச் சாலையில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் டயர்தான். இங்கே போட்டிருக்கும் ஷேல் கல் தட்டையாக உடையும், விளிம்பு கத்தி போலிருக்கும். குத்திய ஓட்டையை பங்க்சர் கிட்டால் அடைத்துவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் 10 ப்ளை என்று குறித்த, பாரவண்டிகளுக்கான உறுதியான டயர்களும், முழு அளவு ஸ்டெப்னி இரண்டும் வேண்டும். டிக்கியில் வருகிற ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி இங்கே உதவாது. வண்டியில் பாரம் அதிகமில்லை என்றால் காற்றை 15 சதவீதம் குறையுங்கள், 40 பி.எஸ்.ஐ. என்றால் 34. டயர் கல்லின்மேல் வளைந்து கொடுக்கும். அதற்கும் கீழே இறக்கினால் பக்கச்சுவர் பிதுங்கி, சூடேறி, நீங்கள் பயந்த கிழிசலே வந்து சேரும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி நிரப்ப 12 வோல்ட் பம்ப் தேவை.

டயர் மாற்றும்போது சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். நட்டுகளை முதலில் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு அப்புறம் தூக்குங்கள். ஜாக்கிக்கு அடியில் ஓர் அடி சதுர ப்ளைவுட் பலகை இல்லாவிட்டால் சரளையில் அது புதைந்து சாயும். மாட்டிய பிறகு 50 கி.மீ. ஓட்டி நட்டுகளை மறுபடி முடுக்குங்கள். இதை வீட்டு வாசலில் ஒருமுறை தனியாகச் செய்து பார்க்காமல் கிளம்பாதீர்கள். பல நேரம் நட்டு அசையவே அசையாது, நீளமான ஸ்பேனர் வேண்டுமென்று அப்போதுதான் தெரியும்.

அடியில் இருக்கும் நிரந்தர உறைமண் உருகாதபடி சாலையை உயரமான சரளை மேட்டின்மேல் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சரிவு, ஓரம் மெத்து. லாரிக்கு வழிவிடுகிறேன் என்று ஓரத்துக்கு ஒதுங்கினால் வண்டி சரிந்துவிடும். வேகத்தைக் குறைத்து, சாலையில் உங்கள் பக்கத்துப் பாதியிலேயே இருங்கள். காய்ந்த தரையில் 70 கி.மீ. வேகம் போதும். மழையில், தூசியடக்கத் தெளித்த கால்சியம் குளோரைடு சேர்ந்து சாலை வழுக்கும். அப்போது ஓட்டாமல் காத்திருப்பதே மேல்.

தங்குவதற்கு டூம்ஸ்டோன், இன்ஜினியர் க்ரீக், ராக் ரிவர் முகாம்கள் உண்டு. ராக் ரிவரில் கொசுவலைத் தொப்பி இல்லாமல் இறங்கவே முடியாது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். ஜூலையிலும் இரவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கலாம், காற்று கூடாரத்தைப் பிடுங்கும். வண்டிக்குள்ளேயே படுக்க வசதி செய்துகொள்வது நல்லது. கண்ணைக் கட்டிக்கொள்ள ஒரு துணியும் தேவை. ஜூன், ஜூலையில் வடக்கே சூரியன் மறையாததால் நேரம் தெரியாது, களைப்பு தெரியாமல் ஓட்டிக்கொண்டே இருப்பீர்கள். கடிகாரம் பார்த்து நிறுத்துங்கள்.

கரடிக்காகச் சாப்பாடு, பற்பசை, குப்பை எல்லாம் பூட்டிய வண்டிக்குள் இருக்கட்டும், கூடாரத்தில் பிஸ்கட் கூட வேண்டாம். கரடி ஸ்ப்ரே, அதாவது பாய்ந்துவரும் கரடியின்மேல் அடிக்கிற மிளகாய்க் கார ஸ்ப்ரே, இடுப்பில் இருந்தால்தான் பயன். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் அதை வைத்தால் வெடிக்கலாம்.

ஊர்ப்பக்கம் தவிர செல்போன் எடுக்காது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சாட்டிலைட் மெசெஞ்சர் கருவியை எடுத்துக்கொண்டு, தினமும் ஒரே நேரத்தில் வீட்டுக்குச் செய்தி அனுப்புங்கள். எத்தனை மணி நேரம் வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பல நிறுவனங்கள் சரளைச் சாலையை அனுமதிப்பதில்லை.

திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவுங்கள். சக்கரத்துக்குள் காய்ந்த சேறு சிமென்ட்டாக இறுகி ஸ்டியரிங்கை உதறவைக்கும், சாலையில் தெளித்த கால்சியம் குளோரைடு உப்பு இரும்பைத் தின்னும்.